போணிக்கு முன்னால் வந்த மதர்போர்டு

எனக்குப் பாம்பென்றால் பயம் கிடையாது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்தே வளர்ந்தவன் நான். கம்பத்துக்காரனுக்குப் பாம்பு என்பது மிதித்துவிடாமல் பார்த்து நடக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். இடிக்கும் மின்னலுக்கும்கூட நான் அசைந்ததில்லை. ஆனால் கடைக்கு வருகிற ஆள் ஒரு சாமானைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டு செல்போனை எடுக்கிறாரே, அந்தக் கை அசைவுக்குத்தான் நான் பயப்படுவேன்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தேய்ப்பார். முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு வரும். பிறகு போனை என் பக்கம் திருப்புவார்.

"அண்ணே, ஆன்லைன்ல இம்புட்டுத்தான் போட்டிருக்கு. நீங்க கூடச் சொல்றீகளே?"

அந்த விலை நான் விற்கிற விலையைவிடக் குறைவு என்றால் பரவாயில்லை, மல்லுக்கட்டிப் பார்க்கலாம். நான் வாங்கின விலையைவிடக் குறைவாக இருக்கும். அதற்கு என்ன பதில் சொல்வது? ஆரம்பத்தில் எனக்கு ஒரு பதில் இருந்தது. "அது டூப்ளிகேட்டு. பெட்டிக்குள்ள சோப்புக் கட்டிய வச்சு அனுப்பிருவான்" என்பேன். கொஞ்ச நாள் நம்பினார்கள். பிறகு ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். சோப்புக் கட்டி வரவில்லை. கேட்ட சாமான், கேட்ட கம்பெனி, பில்லோடு வந்தது. அதற்குப் பிறகு சோப்புக் கதையைச் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கம்பம் மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி இருக்கிறது என் கடை. ரேம், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மதர்போர்டு, இன்னும் கம்ப்யூட்டருக்கு வேண்டிய எல்லாமும் விற்பேன், பழுதும் பார்ப்பேன். ஏலக்காய் கமிஷன் மண்டிகள், ஸ்டூடியோக்கள், குமுளியிலிருந்து மலை இறங்கி வந்து மலையாளமும் தமிழும் கலந்து பேரம் பேசுகிறவர்கள் என்று ஒரு காலத்தில் கடையில் உட்கார நாற்காலி பத்தாது. இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. மூடினால் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய் யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டும். செல்போன் வெளியே வருகிற ஒவ்வொரு முறையும் என் கண்ணுக்குத் தெரிவது திருப்பூர் பஸ்தான்.

ஆன்லைன்காரர்கள் எப்படித்தான் இந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று மதுரையில் எனக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னைத் திட்டுவார், இல்லை சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வீட்டில் யாருக்கோ வந்த வியாதியைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு ரோட்டு மேல கடை வேணாம்யா. ஊருக்கு வெளிய ஒரு குடோன் போதும். நீயி ரெண்டு வாங்குற, நான் அம்பது வாங்குறேன், அவன் லாரியோட வாங்குறான். இறக்குமதி பண்றவன்கிட்ட நேராப் பேசுறான். ஒரு பீசுல உனக்கு வர்ற லாபத்துல கால்வாசி வந்தாப் போதும் அவனுக்கு. இங்கன கெடந்து பழசாகுற சரக்கு அங்கன கெடையாது, வந்த வேகத்துல போயிருது. நீ ஒருத்தருக்கு டீ வாங்கிக் குடுத்து, கதை பேசி, ஒரு மவுஸ விக்கிறதுக்குள்ள அவன் இந்தியா பூராம் வித்துருவான்."

தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் கண் அடிக்கடி தன் கடை வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. மதுரைக்காரரே பயந்து கிடக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விலையையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் செய்கிற சேவையைப் பற்றிப் பேசுவார்கள் பாருங்கள், அதுதான் பொறுக்காது. உத்தமபாளையத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஆன்லைனில் கீபோர்டு வாங்கியிருக்கிறார். அதில் ஒரு பொத்தான் அமுங்கவில்லை. போனில் சொன்னாராம். வீட்டு வாசலுக்கே வந்து பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். "ஒரு கேள்வி கேக்கலண்ணே! மூஞ்சியக்கூடச் சுளிக்கல" என்றார். இதை அவர் சொன்னது என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு.

என் கடைச் சுவரில் ஒரு போர்டு உண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' கடை திறந்த அன்றே மாட்டியது. அதற்காக நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. கெட்டுப்போனதை மதுரைக்கு அனுப்பி மாற்றி வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், நாள் ஆகும், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். போணி ஆகிற வரைக்கும் யாரும் எதையும் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. காலையில் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு உட்கார்ந்தால் அன்றைய முதல் காசு கல்லாவுக்குள் விழ வேண்டும். முதல் காசு விழுவதற்கு முன்னால் விற்ற பொருள் வாசல் ஏறி உள்ளே வந்தால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

பயம் கூடக்கூட இந்தப் போணி விஷயத்தில் நான் கெட்டியாகிக்கொண்டே போனேன். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் சுற்றினேன். மானிட்டருக்கெல்லாம் திருநீறு. என் மனைவி மார்க்கையன்கோட்டைக்காரி, வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள். "கம்ப்யூட்டர் கடைக்காரரு மாதிரியா இருக்கீக? குறி சொல்ற கோடாங்கி மாதிரி இருக்கீக" என்றாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

அப்படியொரு காலையில்தான் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பாதி ஸ்டூடியோக்களுக்கு ஆல்பம் செய்து கொடுப்பார். எந்த ஸ்டூடியோக்காரர் எதை வாங்குவதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். எனக்கு மிஞ்சியிருந்த வாடிக்கையே அவரும் அவர் சொல்லி வருகிறவர்களும்தான். அவர் என் கடைப் படியை விட்டு இறங்கினால் பின்னாலேயே மற்ற எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

முதல் மினி பஸ்ஸில் வந்திருந்தார். கையில் துண்டில் சுற்றிய மதர்போர்டு. சில மாதங்களுக்கு முன்னால் நான் விற்றது.

"அண்ணே, கரண்டு வந்து வந்து போச்சு. அதுக்கப்புறம் உசுரே வரல. வாரண்டி இருக்குல்ல? ஒரு கல்யாண வீட்டு ஆல்பம் பாதியில நிக்கிதுண்ணே."

அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். நான் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தேன்.

"ஆத்தா, இன்னும் போணி ஆகல. செத்த நேரங் கழிச்சு வா."

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. இந்த ஊர்க்காரர்தானே, தெரியும். காலை எடுத்துக்கொண்டு எதிர்த்த டீக்கடையில் போய் நின்றார். நான் கல்லாவில் உட்கார்ந்து சந்துப் பக்கம் பார்த்தேன். யாரும் வரவில்லை. டீக்கடையில் வடை போட்டு எடுத்து, அதுவும் தீர்ந்து, அடுத்த ஈடு போட்டார்கள். என் கடைக்கு யாரும் வரவில்லை. அவர் அங்கேயிருந்து என்னைப் பார்ப்பதும் நான் கண்ணைத் தாழ்த்திக்கொள்வதுமாக நேரம் போனது. இன்று மட்டுமா, இனி என்றைக்குமே போணி ஆகாதோ?

வெயில் ஏறியதும் அவரே சந்துக்கு இந்தப் பக்கம் வந்தார். படியில் ஏறாமல் கீழே நின்றபடியே சொன்னார். "அண்ணே, ஒரு மவுஸ் பேடு குடுங்க. அதப் போணியா வச்சுக்கிட்டு இத வாங்கிக்கங்க."

கொடுத்தேன். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன். அப்புறம்தான் அந்த மதர்போர்டைக் கையில் தொட்டேன். அவர் சொன்னது சரி, உயிர் இல்லை. மாற்றிக் கொடுக்க என்னிடம் வேறு சரக்கும் இல்லை. மதுரைக்கு அனுப்பி வருவதற்குப் பதினைந்து நாளாவது ஆகும் என்றேன். அவர் என் படியில் நின்றபடியே செல்போனை வெளியே எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார்.

"பழசு மதுரைக்குப் போயிட்டு மெதுவா வரட்டும்ணே. எனக்கு வேலை நிக்கிது. இப்ப இதுல ஒண்ணு போட்டுட்டேன், நாளான்னைக்கு வந்துருமாம்" என்றார்.

என் கண்முன்னே, என் படியில் நின்று. பயம் என்று இதுவரை நான் சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் கடைசி வாடிக்கையும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் சொன்ன நாளுக்கு மறுநாள் அவர் திரும்ப வந்தார். ஒரு கையில் அவருடைய கம்ப்யூட்டர் பெட்டி, இன்னொரு கையில் பிரிக்காத பார்சல்.

"எனக்குக் கழட்டத்தான் தெரியும், மாட்டத் தெரியாதுண்ணே. நீங்கதான் மாட்டித் தரணும். என்ன கூலியோ தந்துர்றேன்."

எதிரியின் பெட்டியை என் மேஜையில் வைத்துப் பிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், உள்ளே சோப்புக் கட்டி இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன். சோப்பு இல்லை. சுற்றி மெத்து மெத்தென்று காற்றுப் பைகள், அதற்குள் கம்பெனிப் பெட்டி, அதற்குள் வெள்ளி நிற உறைக்குள் போர்டு. மூலை மடங்கவில்லை. நான் சரக்கை மதுரையிலிருந்து பழைய தினசரியில் சுற்றி பஸ் டிக்கியில் போட்டுக் கொண்டுவருகிறவன்.

பழைய போர்டிலிருந்து கழற்றி வைத்திருந்த அவருடைய பிராசஸரைப் புதியதில் உட்கார வைக்க வேண்டும். அது உட்காருகிற இடத்தில் முடியைவிட மெல்லிய பின்கள் வரிசையாக நிற்கும். எத்தனையோ தடவை செய்த வேலை, பேசிக்கொண்டே செய்வேன். அன்று பேச்சு வரவில்லை. அவர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் தப்பானால் என்ற நினைப்பு வந்த அதே நொடியில் என் விரல் நடுங்கியது. பிராசஸர் நழுவி ஒரு மூலை உள்ளே குத்தியது. எடுத்துப் பார்த்தேன். ஓரத்துப் பின்கள் மடிந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "பீசே இப்படித்தான் வந்திருக்கு ஆத்தா." நான் தப்பித்துக்கொள்வேன். ஆன்லைன் சரக்கு இப்படித்தான் என்று அவர் வாயால் பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தி போகும். சோப்புக் கதையைப் போல இல்லை, இது நிற்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர்கள் பெட்டி கட்டுவதையெல்லாம் கேமராவில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று யாரோ சொன்னது சமயம் பார்த்து நினைவுக்கு வந்தது. வீடியோ போட்டுக் காட்டிவிட்டால்? இவர் முகத்தில் பிறகு எப்படி விழிப்பேன்?

"கை நடுங்கிருச்சு ஆத்தா. வளஞ்சது என் கையிலதான்" என்றேன். என்னை நேர்மையானவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பயந்தவன்தான் அப்படிச் சொன்னான்.

அவர் அந்த ஆன்லைன் கம்பெனிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். நான் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண் குரல் தமிழிலேயே பேசியது. யார் மாட்டினார்கள் என்று கேட்டது.

"எங்க ஊரு கடைக்காரரு. வேல நல்லாத் தெரிஞ்சவருதான். கை தவறிருச்சு" என்றார் அவர்.

"மன்னிக்கணும் மேடம். பின் வளைந்திருந்தா வாரண்டியில வராது, மாத்தித் தர முடியாது. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினா சரிபண்ண முடியுமான்னு பார்ப்பாங்க. அதுக்குக் கட்டணம் உண்டு, நாளும் ஆகும். உங்களுக்கு எது வசதின்னு சொல்லுங்க, நான் பதிஞ்சுக்கறேன்."

அவர்களும் இல்லை என்றுதான் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் பயம்தான் கூடியது. இல்லை என்பதைக்கூட இவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமா? அவர் "சரிம்மா, நன்றி" என்று போனை வைத்தார். பதினைந்து நாள் என்று நான் சொன்னபோது அவர் நன்றி சொல்லவில்லை.

உடைத்தவன் நான், வாங்கித் தரவேண்டியவனும் நான். மதுரைக்குப் போன் போட்டேன். சரக்கு இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்றார் மொத்த வியாபாரி. கல்யாண வீட்டார் அதற்குள் ஆல்பம் கேட்டு வந்துவிடுவார்கள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அதுலயே போட்டுருங்களேன்."

என் ஆயுளில் முதல் தடவையாக, என் சொந்தப் போனில், என் கல்லாவில் உட்கார்ந்து அந்தக் கடைக்குள் போனேன். அவர் பக்கத்தில் நின்று எதை அமுக்குவது என்று சொல்லிக்கொண்டே வந்தார். விலாசம் கேட்டது. அடையாளம் கேட்டது. பின்கோடு கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுக்கிறேனே என்று உடம்பு கூசியது. முன்பணம் மட்டும் கட்டமாட்டேன், கைக்கு வந்தபிறகுதான் காசு என்பதில் உறுதியாக இருந்தேன். அதற்கும் அங்கே வழி இருந்தது.

அதற்குப் பிறகு பயம் கட்சி மாறியது. இத்தனை காலம் அந்தக் கூரியர் வண்டி சந்துக்குள் வந்துவிடுமோ என்று பயந்தவன், இப்போது வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். வராவிட்டால் அவர் வேலை கெடும். வேலை கெட்டால் அவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார். ஆனால் போனுக்குச் செய்தி மேல் செய்தி வந்தது. கட்டியாயிற்று, கிளம்பியாயிற்று, மதுரை வந்தாயிற்று. என்னிடம் சரக்குக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு நான் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. "வந்துக்கிட்டே இருக்கு" என்பதோடு சரி. சாப்பிடும்போதுகூட நான் போனைக் கீழே வைக்காததைப் பார்த்து மனைவி, "சம்பந்தி வீட்டுக்காரக வர்ற மாதிரில்ல பாத்துக்கிட்டு இருக்கீக" என்றாள்.

வர வேண்டிய நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். நான் தண்ணீர் தெளித்துவிட்டு, சாம்பிராணிப் புகையோடேயே வாசலுக்கு வந்து, "உள்ள வந்து உக்காரு ஆத்தா" என்றேன். வந்து, சுவரில் இருந்த 'விற்ற பொருள்' போர்டுக்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றும் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை.

சாம்பிராணி அணைவதற்குள் அந்த வண்டி வந்துவிட்டது. என் கடை முன்னால் நின்றது. முதுகில் பெரிய பையோடு ஒருத்தர் இறங்கினார். எத்தனையோ தடவை இந்தத் தெரு வழியே என்னைத் தாண்டிப் போனவர்தான். போடிப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. பார்சலை எடுத்து நீட்டினார். கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தவர், நோட்டுகளை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, தனியாக மேல்பைக்குள் வைத்தார்.

"நீங்கதாண்ணே இன்னைக்குப் போணி" என்றார். "பிரிச்சுப் பாத்துக்கங்க. சரியில்லைன்னாச் சொல்லுங்க, இங்கனயே திருப்பி எடுத்துக்கிறேன்."

"போணி நேரத்துலயா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்கென்னண்ணே?" என்றார். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை.

போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தலையைத் தூக்கி அதை ஒருமுறை பார்த்தார். நான் பார்சலைப் பிரித்தேன். சரக்கு நன்றாக இருந்தது. கூரியர்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். என் கடைக்கு அன்றைக்கு இன்னும் போணி ஆகவில்லை.